சுவரில் தட்டியதற்கு வந்த வினை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மகனை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறை? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை.

மாப்பிள்ளை ஜாஸ்-ராக் ஆல்பம் போடுகிறார். "ஒரே வாரம் மாமா, பின்னறை மட்டும் போதும்" என்று சொல்லி வந்தவருக்கு இது ஐந்தாவது வாரம். கிடார் அவர், டிரம்ஸுக்கு ஒரு பல் டாக்டர், சாக்ஸபோனுக்கு 'ஒட்டகம்' என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டை மனிதர். பின்னறையில் எதிரொலி கூடாதென்று என் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டார்கள்; நான் தரையில் படுக்கிறேன். சாக்ஸபோனுக்கு மட்டும் எதிரொலி வேண்டுமாம், அதனால் ஒட்டகம் குளியலறைக்குள் நின்று ஊதுகிறார். நான் துண்டும் சோப்புமாக வெளியே நிற்கிறேன். ஃபிரிட்ஜ் முனகுவது மைக்கில் விழுகிறதென்று அதை அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்து, பால் திரிந்தது. சரி, இத்தனையும் பட்டு ஒரு நல்ல பாட்டாவது கேட்கலாமே என்று, "யாருப்பா பாடப் போறது?" என்றேன். "யாரும் பாடமாட்டாங்க மாமா, வாத்தியம் மட்டும்தான்" என்கிறார். பாடாத பாட்டுக்கு இத்தனை அமர்க்களம்!

போன செவ்வாய் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் டிரம்ஸ் இடித்த இடியில் தூக்கிவாரிப் போட்டது. கைத்தடியை எடுத்து நடுச்சுவரில் மடமடவென்று தட்டினேன். சத்தம் நின்றது. மன்னிப்புக் கேட்க வருவார்கள் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். பல் டாக்டர் ஓடிவந்து, "சார், அதே மாதிரி இன்னொரு தடவை தட்டுங்க! கடைசி டிராக்குக்கு இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்!" என்றார். கேட்கிறார்களே என்று தட்டினேன். மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார்.

"சரியா வரல மாமா. தட்டுறதுல கோபம் இல்லை."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அக்கிரமம். புதன்கிழமை செய்தித்தாளில் குறுக்கெழுத்துக் கட்டங்களை யாரோ நிரப்பிவைத்திருந்தார்கள், அதுவும் தப்பாக. வியாழக்கிழமை என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். வெள்ளிக்கிழமை என் நாற்காலியில் ஒட்டகம். ஒவ்வொரு முறையும் நான் கத்த ஆரம்பித்ததும், மாப்பிள்ளை பணிவாகக் கைத்தடியை நீட்டுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மைக் தயாராக இருக்கிறது! திட்டம் போட்டு என் ரத்தத்தைக் கொதிக்கவைத்திருக்கிறார்கள், சம்பந்தி! மகளிடம் முறையிட்டால், கண்ணாடியை ஒளித்துவைத்ததே அவள்தானாம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆகவே, இக்கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, தங்கள் மகனையும் அவர் பட்டாளத்தையும் தங்கள் வீட்டுக்கே கூட்டிப்போகவும். இனி ஒரு நாள்கூட என்னால் ஆகாது. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு என் ஆசிகள், வாத்தியம் எதுவும் கற்காதவர்களுக்கு மட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்து மெத்தையையும் இழந்த
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதுவரை தட்டியதெல்லாம் ஒத்திகைதானாம்; கடைசி டிராக் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவாகிறது. ஆல்பத்தின் அட்டையில் 'சுவர்' என்று போட்டு எதிரே என் பெயரை அச்சடிக்கிறார்களாம். ஆனால் இதையெல்லாம் எழுதித் தீர்த்ததில் கோபம் சுத்தமாக வடிந்துவிட்டது. இப்போதுதான் தட்டிப் பார்த்தேன். யாரோ விருந்தாளி கதவைத் தட்டுவது போல இருக்கிறது. ஆகையால் தாங்கள் வர வேண்டாம். புதன்கிழமை சரியாக ஒன்பதே முக்காலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, கல்யாணத்தன்று சமையல்காரரிடம் என்னைப் பற்றி ஒன்று சொன்னீர்களே, அதை என் காதுபட ஒரு தடவை சொல்லவும். தயவுசெய்து எதையும் குறைக்க வேண்டாம்.