பத்துக்கு மேல் ஓர் அழுத்து

அன்று திருமலைராயன்பட்டினத்துக் குளக்கரையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் இன்று எங்கள் குடும்பத்தில் மட்டும் முப்பது பேர் இருக்கிறார்கள் (அதில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை). உண்மையில் இருந்தது நான்கு பேர். சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் மச்சான், அதாவது என் லாத்தாவின் கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய முசியே அந்துவான். வாத்து மேய்க்கும் காளியப்பன். அப்புறம் நான். காளியப்பனின் வாத்துகள் ஒரு இருநூறு இருக்கும். அன்று புத்தியோடு நடந்துகொண்டவை அவைதான் என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வராதவர் மர்யம் லாத்தா, என் அக்கா. பந்தயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய தையல் மிஷின்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்காத காலம் அது. மச்சான் சைகோனிலிருந்து வரும்போது இரண்டடி நீளத்தில் ஒரு விளையாட்டு விசைப்படகு கொண்டுவந்தார். கயிறு கிடையாது, கம்பி கிடையாது. கரையில் நின்று ரேடியோப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால், தண்ணீரில் அது திரும்பும். ஜின் வேலை என்று சொல்லி எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் மச்சான்தான் குளத்துக்கு ராஜா. பிறகு முசியேவுக்கு அவர் மகன் பிரான்சிலிருந்து ஒரு படகு அனுப்பினான். அது இதைவிட வேகம். மூன்று முறை தோற்றபின் மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. முசியேவோ, "வேணும்னா இதை எடுத்துக்குங்க, இருநூத்திப் பத்து ரூபா. மகன் வேற அனுப்புவான்" என்று சொல்லிவிட்டார்.

இருநூற்றுப் பத்து ரூபாய் வீட்டில் இருந்தது. அதுதான் சிக்கல்.

"அந்தக் காசுல மிஷின் வாங்கித் தர்றேன்னு பெருநாளைக்குச் சொன்னீங்க" என்றார் லாத்தா.

"மிஷின் எங்க போயிடப் போவுது? படகு கைமாறிடும்ல?"

"மாறட்டும். அதைப் போட்டு ஒரு சட்டை தைக்க முடியுமா?"

வாப்பா மவுத்தான பிறகு லாத்தா கையாலேயே அடுத்தவர் துணி தைத்து என்னை வளர்த்தவர். அவர் விரல் நுனியைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"புதுசு எதுக்குங்க மச்சான்? இதையே வேகமா ஓடவச்சிடலாம். பதினஞ்சு ரூபா போதும்."

சொன்னது யார்? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தேங்காய் மண்டியில் காய் எண்ணிப் போடுகிறவன். பத்துக் காய்க்கு ஒரு காய் கொசுறு என்பதைத் தாண்டி ஒரு கணிதமும் அறியாதவன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதுகூட டயர் வெடிக்குமோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்.

மச்சான் படகை எடுத்து என் மடியில் வைத்தார். "சரி மாப்புள. ஞாயித்துக்கிழமை முசியே படகை ஜெயிச்சா உங்க லாத்தாவுக்கு மிஷின். தோத்தா அந்தப் படகு. ஆனா பொத்தான் உன் கையில."

அந்த வாரம் நான் தூங்கவில்லை. நாலு டார்ச் பேட்டரி இருந்த இடத்தில் எட்டு வைத்தேன். பித்தளைப் பாத்திரக்காரரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு, படகைத் தள்ளுவதற்கு அகலமான இலைகளோடு ஒரு விசிறி அறுத்து வாங்கினேன். பட்டினச்சேரிக்குப் போய், மீன்பிடி படகுகளுக்குப் பூசுகிற குங்கிலியத்தைக் கொஞ்சம் வாங்கிவந்து அடியில் பூசினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவலை. எட்டு பேட்டரி கனத்தில் மூழ்கிவிட்டால்? விசிறி கழன்றுவிட்டால்? ரேடியோப் பெட்டியின் கம்பியில் காக்கை உட்கார்ந்துவிட்டால்? (காக்கைக்காகத் தனியாக ஒரு குச்சி கொண்டுபோனேன்.) கவலைப்பட எதையும் பாக்கி வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பொத்தான்தான். முதல்முறை அழுத்தினால் படகு இடப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகும். மறுமுறை அழுத்தினால் வலப்பக்கம். அடுத்தது மறுபடி இடம். எத்தனையாவது அழுத்து என்பதை மறந்தால் தொலைந்தது. நிறுத்தப் பொத்தானே கிடையாது. பேட்டரி தீரும்வரை ஓடும்.

"எண்ணுறதுதான உன் தொழிலு? அப்புறம் என்ன பயம்?" என்றார் மச்சான்.

ஞாயிறு காலை. குளத்தின் நடுவே ஒரு மூங்கில் கழி. நேரே போய், அதை இடப்பக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். முசியேவின் படகு முதலில் போய்வந்தது. மச்சான் கடிகாரத்தில் நேரம் குறித்தார். முசியே அதைக் கையால் பிடித்து விசையை அணைத்து, எங்களுக்கு வலப்பக்கம் கரையோரமாக மிதக்க விட்டு, நிதானமாகச் சுருட்டுப் பற்றவைத்தார்.

பிஸ்மி சொல்லி எங்கள் படகை விட்டேன். அது அம்பு மாதிரி போனது! புது விசிறி அதைப் பக்கவாட்டில் இழுத்ததால் இந்தப்புறமும் அந்தப்புறமும் மாற்றி மாற்றி அழுத்தி நேராக்க வேண்டியிருந்தது. மண்டியில் எண்ணுகிற மாதிரியே சத்தமாக எண்ணினேன். ஒன்று என்று தொடங்கினால் வியாபாரம் விளங்காது என்பதால், "லாபம்... ரெண்டு... மூணு..." ஒற்றை என்றால் இடம், இரட்டை என்றால் வலம்.

"மாப்புள! முசியேவை முந்திட்டோம்டா! நெருங்கிட்டோம்!" மச்சான் கடிகாரத்தைப் பார்த்துக் குதித்தார். லாத்தா மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் கண்டேன்.

"ஒம்போது... பத்து." கழி வந்துவிட்டது. இனி இடப்பக்கம் திரும்ப வேண்டும். "லாபம்!" என்று அழுத்திப் பிடித்தேன்.

படகு வலப்பக்கம் திரும்பியது.

கவலைக்காரனுக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றும். சரியாக அழுத்தவில்லையோ? இன்னும் பலமாக அழுத்தினேன். படகு அரைவட்டம் அடித்து எங்கள் கரையை நோக்கியே பாய்ந்து வந்தது.

"அழுத்துடா!"

"அழுத்திக்கிட்டுத்தான இருக்கேன்!"

வாத்துகள் கலெக்டர் கார் வருகிற மாதிரி இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன.

"தம்பி, அதை நிப்பாட்டுப்பா!" காளியப்பன் கத்தினார்.

"நிப்பாட்டுறதுக்குப் பொத்தான் இல்லீங்க!"

டக் என்று ஒரு சத்தம். முசியேவின் படகுக்கு விலாவில் ஓட்டை. அது ஒருபக்கம் சாய்ந்து மூழ்கியது. மூக்கு உடைந்த எங்கள் படகு எட்டு பேட்டரியின் கனத்தோடு பின்னாலேயே போனது. குங்கிலியம் கடைசிவரை உரியவே இல்லை.

முசியே சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "வேகம் பிரமாதம்" என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "இருநூத்திப் பத்துதாங்க. உங்களுக்காகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

மச்சான் மானஸ்தர். நின்ற இடத்திலேயே எண்ணிக் கொடுத்தார். பழைய படகைச் சீர்செய்வதா, புதியதை வாங்குவதா என்று ஒரு வாரமாக வீட்டில் நடந்த வாதத்துக்கு நான் கண்ட தீர்வு இது. இரண்டையும் செய்தோம். கையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லாத்தா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "இதான் பொத்தான்னு வச்சுக்க. எப்படி அழுத்துனே, எண்ணிக் காட்டு."

எண்ணிக் காட்டினேன். லாபம், ரெண்டு, மூணு... பத்து. லாபம்.

"நில்லு. பத்துக்கும் லாபத்துக்கும் நடுவுல உன் கட்டைவிரல் என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலியே."

"மறுபடி எண்ணு."

பத்து என்று சொன்னேன். வாய் மூடியிருக்க, கட்டைவிரல் தானாக வெங்காயத்தை இன்னொரு அமுக்கு அமுக்கியது. கணக்கில் வராத ஒன்று. அதற்கடுத்த "லாபம்" பன்னிரண்டாவது, வலம். ஏழு வருஷமாகப் பத்துக் காய்க்கு ஒரு கொசுறு போட்டுப் பழகிய கை.

"பாவிப் பயலே, குளத்துக்குக் கொசுறு போட்டுட்டியேடா!" லாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமா, சிரிப்பா, மிஷினா என்று நான் கேட்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் என் கையை மட்டும் நம்பியிருக்கிறேன்.

அன்றே சொன்னேன்: "லாத்தா, மிஷினை நான் வாங்கித் தர்றேன்." மண்டிக் கூலியில் மிஞ்சும்போதெல்லாம் பத்துப் பத்தாகக் கொடுத்தேன். நான் இருபத்தோராவது பத்தைக் கொடுப்பதற்குள் கொடி மாறிவிட்டது. மிஷின் வந்தது. என் கல்யாணச் சட்டை அதில்தான் தைத்தது.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது பத்துவரை எண்ணினால், சுற்றியிருப்பவர்கள் ஒரே குரலில், "கையைப் பிடி!" என்பார்கள். பேரன் கார் ஓட்டக் கற்றபோது அவனுக்கு என்னைத் தவிர எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் கடன் தீரவில்லை. கடைசிப் பத்தைக் கொடுத்த அன்று லாத்தா நோட்டை மடித்துக்கொண்டே, "பத்துக்கு ஒண்ணு கொசுறு, மண்டி வழக்கம் மாறுமா? அது எங்கடா?" என்றார். ஒவ்வொரு பெருநாளுக்கும் கொண்டுபோய் நீட்டுகிறேன். வாங்க மறுக்கிறார். "வச்சுக்க, வச்சுக்க. அதையும் வாங்கிட்டா உன்னைக் கடன்காரான்னு எப்படிக் கூப்பிடுறது?"

பாக்கி, இருபத்தொரு ரூபாய்.