பழைய ஓட்டின் மேல் புது ஓடு போட்ட விவகாரம்

சாந்தோம், மயிலாப்பூர்
செப்டம்பர் 1934

மகா கனம் பொருந்திய கோர்ட்டு சிரஸ்தார் (ஓய்வு) ஆம்ப்ரோஸ் அவர்கள் சமூகத்துக்கு, துறைமுக ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாயிருந்து ஓய்வுபெற்ற இக்னேஷியஸ் தோத்திரம் சொல்லித் தாழ்மையாய் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் எல்லோரும் சர்வேசுரன் கிருபையால் சுகம், தூசியால் வந்த இருமலைத் தவிர. அங்கு தங்கள் இடது தோளின் வீக்கம் வடிந்ததா, கிழிந்த அல்பாக்கா கோட்டைத் தையற்காரன் சேர்த்துக் கொடுத்தானா என்று அறிய ஆவல். தங்களைச் சம்பந்தி என்று அழைக்கலாமா கூடாதா என்பது தாங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டிய விஷயமாகையால் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் தங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு முழுக் காரணம் என் வீட்டுத் தரைதான், அதில் வஞ்சகம் எதுவும் இல்லை என்பதை விளக்கவே இந்தக் கடிதம். எங்கள் கூடத்தில் என் தகப்பனார் காலத்துச் சிவப்புத் தரை ஓடு. அதில் பாதி ஆடும், மீதி உடைந்திருக்கும், கழுவி விட்ட அன்றைக்கு மிதித்தால் சந்திலிருந்து தண்ணீர் பீச்சி வேட்டியில் அடிக்கும். தாங்கள் மகன் வலெரியனை அழைத்துக்கொண்டு ஐரினைப் பார்க்க வருவதாக எழுதியதும் என் மனைவி ஃப்ளோரன்ஸ், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மேல தண்ணி அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றாள். நியாயமாகப் பட்டது. பூப்போட்ட சிமெண்டு ஓடு ஒரு வண்டி வந்து வாசலில் இறங்கியது. இறங்கிய பிறகுதான் பழைய ஓட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதைப் போடுவதா, எடுக்காமல் அதன் மேலேயே போடுவதா என்ற பிரசினை எழுந்தது. நான் முப்பது வருஷம் ஆபீஸில் எந்த விஷயத்தையும் நாலு பேர் அபிப்பிராயம் எழுதாமல் மேலே அனுப்பினவன் அல்ல. அந்தப் பழக்கந்தான் என்னைக் கெடுத்தது.

முதலில் அப்துல் கய்யூம் மேஸ்திரியைக் கேட்டேன். "எடுக்காம போடவே கூடாது சாப். கீழ கீறது ஆடினா மேல கீறதும் ஆடும். நாளைக்கு என் பேரு கெட்டுடும்" என்றார். சரி, எடுங்கள் என்று சொன்னேன். மறுநாள் கடப்பாரையோடு வந்து ஒரு மூலையில் போட்டார் போடு. நெருப்புப் பொறி பறந்ததே தவிர ஓடு அசையவில்லை. இன்னொரு போடு போட்டார், கடப்பாரைதான் வளைந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது மலை மாதிரி கீது சாப். இவ்ளோ கெட்டியான அஸ்திவாரம் கெடைக்குமா? இதும்மேல தாராளமா போடலாம்" என்றார். நேற்று ஆடும் என்றீரே ஐயா என்றால், "நேத்து நான் அடிச்சுப் பாக்கலியே" என்றார். ஆடுகிற ஓட்டைத்தான் விட்டுவிட்டு ஆடாத ஓட்டை அடித்துப் பார்த்தார் என்பது எனக்கு அப்புறந்தான் உறைத்தது.

பக்கத்துத் தெரு ஸ்ரீரங்கன் ரிடயரான இன்ஸ்பெக்டர், போன வருஷம் தரை போட்டவர். அவரிடம் போனேன். "எங்காத்துல மேலேயேதான் போட்டோம் ஓய். ஒரு குறை உண்டான்னு நீரே வந்து பாரும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். போனேன். தரை உயர்ந்துவிட்டதால் வீட்டில் எல்லாக் கதவுக்கும் அடியில் ஒரு சாண் அறுத்திருக்கிறது. நான் நின்ற நேரத்தில் ஒரு பூனை சமையலறைக் கதவின் கீழாகவே உள்ளே போய், வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. "நல்ல காத்தோட்டம் பார்த்தீரா?" என்றார் ஸ்ரீரங்கன். ஃப்ளோரன்ஸிடம் வந்து இரண்டு பக்கத்து நியாயத்தையும் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி, அவங்க வரும்போது நான் மணல்ல நிக்க மாட்டேன்" என்றாள். ஐரினை யாரும் கேட்கவில்லை. பெண் பார்க்கிற விஷயத்தில் பெண்ணை எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டோம்.

கடைசியில், எடுக்காமல் மேலேயே போடுவது என்று தீர்மானித்தேன். தங்கள் வருகைக்கு முன்தினம் வேலை முடிந்தது. ஆஹா, கூடம் என்ன பளபளப்பு! வாசலை ஒட்டிய முன் அறைக் கதவு மட்டும் கூடத்துப் பக்கம் திறக்கிற கதவாகையால் புதுத் தரையில் உரசிற்று. அடியில் இழைத்துவிட்டு, "இப்போ வெண்ணெ மாதிரி போவுது சாப்" என்றார் கய்யூம். போயிற்று. நானே திறந்து மூடிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள், ஆனால் அறைக்குள்ளிருந்துதானே அறிவீர்கள், வெளியே நாங்கள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். பூசை முடிந்து வந்தீர்கள். ஐரின் பலகாரத் தட்டோடு வந்தாள். உங்களுக்குக் காப்பியா, மோரா என்று வலெரியனைக் கேட்டாள். "அவனுக்குக் காப்பி ஆகாது, பித்தம்" என்று தாங்கள் சொன்னீர்கள். உத்தியோகம் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டேன். "அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று தாங்களே அருளினீர்கள். பிறகு புழுக்கமாயிருக்கிறது, சற்றுச் சாய்ந்து எழுந்திருக்கிறேன் என்று முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். கொஞ்ச நேரத்தில் தடதடவென்று சத்தம். "கதவு வரல! கதவு வரல!" நாங்கள் இந்தப் பக்கம் பித்தளை வளையத்தைப் பிடித்து இழுக்க, தாங்கள் அந்தப் பக்கம் தள்ள, வளையந்தான் என் கையோடு வந்தது, நான் ஃப்ளோரன்ஸ் மேல் விழுந்தேன். "தரைதான் புடிக்குது!" என்று நான் கத்தினேன். ஃப்ளோரன்ஸ் எழுந்திருக்காமலே, "உள்பக்கம் எதுனா மாட்டிக்கிட்டிருக்கா பாருங்க" என்று குரல் கொடுத்தாள். "கோர்ட்டையே நடத்தினவனுக்குக் கதவு திறக்கத் தெரியாதா? உங்க தரையைப் பாரும்மா!" என்று உள்ளிருந்து கர்ஜித்தீர்கள். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்புறம் கய்யூமைக் கூட்டி வந்து, தெருப் பக்கத்து ஜன்னலில் இரண்டு கம்பியை அறுத்து, தங்களைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலை முதலில் வரட்டுமா கால் முதலில் வரட்டுமா என்று கூட்டத்தில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல, தோள் முதலில் வந்துவிட்டது. பூசைக்குப் போய்த் திரும்பிய பங்கு மக்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். ஒரு கீரைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டே பார்த்தாள். தாங்கள் தெருவில் நின்று, "ஒரு தரை போடத் தெரியாத வீட்டில என் மகனுக்குப் பெண் எடுக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு டிராமுக்கு நடந்தீர்கள். வலெரியன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். ஐரின் உள்ளே போய் அந்தப் பலகாரத்தையெல்லாம் மூடிவைத்தாள்.

மறுநாள் காலையிலேயே கய்யூமைக் கூப்பிட்டு, புதுசு பழசு எல்லாவற்றையும் பெயர்த்துப் போடும் என்று சொல்லிவிட்டேன். "மொதல்லயே சொன்னேனே சாப், எடுத்துட்டுப் போடணும்னு!" என்றார். புது ஓடு நொறுங்கி வந்தது. அன்றைக்குக் கடப்பாரையை வளைத்த பழைய ஓடு, இப்போது தட்டியதுமே அப்பளம் மாதிரி வந்தது. இப்போது கூடம் முழுக்க மணல். ஃப்ளோரன்ஸ் மணலில்தான் நிற்கிறாள், என்னோடு பேசுவதில்லை. தரை இவ்வளவு இறங்கியும் அந்தக் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை. கேட்டால், "கதவு பாரம் தாங்காம தொங்கிப்போச்சு சாப்" என்கிறார் கய்யூம். தச்சர் வந்தால்தான் தெரியும். ஆகையால் பிழை என்னுடையது, என் தரையுடையது. பெண்ணின்மேல் ஒரு குற்றமும் இல்லை. தாங்கள் மனமிரங்கி இன்னொரு முறை எழுந்தருள வேண்டும். தேவமாதா தங்கள் குடும்பத்தை எந்நாளும் காத்து, தங்கள் தோளுக்கும் சீக்கிரம் சுகம் தருவாளாக. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் தோத்திரம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை நாடும்
இக்னேஷியஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற சமயத்தில் தங்கள் மகன் வலெரியன் ஒரு தச்சரோடு வந்து நிற்கிறார். தச்சர் அறுத்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். இறங்கினதும், "இன்னா சார் இது, மேல் தாப்பா போட்டுக்கீது!" என்றார். டக்கென்று ஒரு சத்தம், கதவு தானாகத் திறந்துகொண்டது. வலெரியன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பா எந்த ரூமுக்குப் போனாலும் மேலயும் கீழயும் தாப்பா போடுவாரு. திறக்கும்போது கீழ மட்டுந்தான் திறப்பாரு. எங்க வீட்டில மேல் தாப்பாளையெல்லாம் கழட்டிட்டோம்" என்றார். ஐரின் முன்னால் வந்து, "அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டாள். "சந்தேகம் இருந்தது." "அப்புறம் ஏன் சொல்லல?" "என்னை யாரும் கேக்கல." ஐரின் கூடத்தைச் சுற்றிக் கையை நீட்டி, "இதையெல்லாம் இடிச்சுட்டோமே!" என்றாள். "இடிக்கிறீங்கன்னு காலையிலதான் கேள்விப்பட்டேன். உடனே வந்துட்டேன்" என்றார். அவள், "உங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்று உள்ளே போய்விட்டாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று கையை நீட்டுகிறார்.

ஆகவே இந்த வரியைத் தாங்கள் படிக்கும்போது அவர் தங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பார். விஷயத்தை நான் எழுதிவிட்டேன், ஆனாலும் அவர் வாயாலேயே சொல்லவேண்டுமாம். தயவுசெய்து அவரே சொல்லட்டும்.