மேலொட்டி

பினாங்கில் ஒரு தனி இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள், அடுக்குமாடி வீடுகளில்தான் அது வாழ்கிறது. பெயர் மேலொட்டி. எதையும் உடைக்காது, கழற்றாது, உரிக்காது. கிழிந்த சோபாவுக்கு ஓர் உறை போடும், உறை கிழிந்தால் அதன் மேல் இன்னோர் உறை போடும், சுவரில் ஈரம் கசிந்தால் ஒரு சாமி படத்தை மாட்டும், படத்துக்குப் பின்னாலும் கசிந்தால் இன்னும் பெரிய சாமியாகப் பார்த்து மாட்டும். ஏன் என்று கேட்டுப் பாருங்களேன். "ஒடைச்சா தூசி லா!" என்று ஒரே போடாகப் போடும்.

ஜெலுத்தோங்கில் இருக்கும் தயாளன் இந்த இனத்தின் பூரண வளர்ச்சி. அவர் குளியலறைத் தரையில் டைல்ஸுக்கு மேல் டைல்ஸ், அதற்கும் மேல் டைல்ஸ். தரை உயர உயரக் கதவின் அடியை இழைத்துக்கொண்டே வந்தார். வீடு வாங்கிய காலத்தில் நிமிர்ந்து குளித்த மனிதர், இப்போது ஷவருக்குத் தலை வணங்கிக் குளிக்கிறார்.

சும்மா இருந்திருக்கலாம். கோயில் விருந்தில் புக்கிட் மெர்தாஜாம் சிவநேசன், தன் குளியலறையைப் பழைய டைல்ஸ் உடைத்துப் புதுப்பித்ததைப் பெருமையாகச் சொல்ல, "பைத்தியக்கார வேல!" என்று பத்துப் பேர் எதிரில் தயாளன் சிரித்துவிட்டார். அந்தச் சிவநேசனின் மகன் கோகுலனைத்தான் தன் மகள் பிரமிளா விரும்புகிறாள் என்று அவருக்கு அப்போது யார் சொன்னார்கள்?

பிரமிளா அழுத அழுகைக்குப் பிறகு, சிவநேசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சம்மதித்தார்.

"வந்ததும் மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. இல்லன்னா இந்தக் கல்யாணம் நடக்காது," என்றாள் மனைவி ருக்குமணி.

"மன்னிப்பா? நாலு வார்த்த சிரிச்சுப் பேசுனா எல்லாம் சரியாயிடும் லா!"

பேச்சுக்குத் துணையாக, மேலொட்டுவதன் மகிமையைக் கண்ணாலேயே காட்டிவிடலாம் என்று, அன்று காலையே நான்காவது அடுக்கை ஆரம்பித்தார். முடியும்வரை யாரும் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். வருபவர் கண்ணில் முதலில் படும் இடம் வாசல்தானே? ஆகவே கதவடியில் தொடங்கி, பின்வாங்கிப் பின்வாங்கி ஒட்டி, கடைசியில் கக்கூஸ் பீடத்தின் மேல் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் கல்லாகும் பசை. காத்திருந்தார். பசை சொன்ன சொல் தவறாமல் கல்லானது.

எழுந்து கதவை இழுத்தார்.

உள்பக்கமாகத் திறக்கும் கதவு; முன்னால் புது டைல்ஸ். அசையவில்லை. கீலைக் கழற்றலாம் என்றால், அதன் மேல் ஐந்து தடவை பெயிண்ட் அடித்தவர் யார்? அவரேதான்.

"ஏங்க, அவங்க பினாங்குப் பாலத்தத் தாண்டிட்டாங்களாம்! அந்த ஒரு டைல்ஸ ஒடைங்க!"

"புது டைல்ஸ் ருக்கு!"

"மக முக்கியமா, டைல்ஸ் முக்கியமா?"

உள்ளே புது டைல்ஸைத் துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது. பிரமிளாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, தள்ளி நில்லுங்க!" என்று பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, இழைத்து இழைத்து அடிச்சட்டம் போய், ஈரத்தில் ஊறி அப்பளமாகியிருந்த கதவின் அடிப்பாகத்தை ஓங்கி உதைத்தாள். ஓர் ஆள் நுழையும் ஓட்டை விழுந்தது.

தயாளன் நாலு காலில் ஊர்ந்து கூடத்துக்கு வந்தார். நெற்றியெல்லாம் டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளைச் சிமெண்டுத் தூள். எதிரே இரண்டு பாதங்கள். சத்தம் கேட்டு, திறந்திருந்த வீட்டு வாசல் வழியாக ஓடி வந்திருந்த சிவநேசனின் பாதங்கள்.

"ஐயோ, அண்ணே!" சிவநேசன் பதறிக் குனிந்தார். கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தைக்குப் போய், திருநீறோட என் கால்ல விழுறதா? எழுந்திரிங்கண்ணே! நாளப் பாருங்க, கல்யாணத்த வச்சிடுவோம்!"

தயாளன் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். திறந்த வாயை அப்படியே புன்னகையாக்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நேற்று வீட்டில் சண்டை போட்டீர்களே, மன்னிப்புக் கேட்டீர்களா, அல்லது இன்று காலை ஒரு கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களா?