பெட்டிகள் வந்தன, கோடுகள் வரவில்லை

ஒரு கோடுகூட இல்லாத படத்தைத் திரையில் போட்டு, "பாருங்க சார், எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்று முதலாளியிடம் பெருமையடித்தவன் நான். படத்தில் இருநூற்றுச் சொச்சம் பெட்டிகள். ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதுதான் கோளாறு என்பது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நூல்காரர்.

சிங்கப்பூரிலேயே ஒரு முழம் பூ வாங்காமல், பூக்கட்டும் நூலை மட்டும் உருண்டை உருண்டையாக வாங்கிய மனிதர் அவர் ஒருவர்தான். லிட்டில் இந்தியா பூக்கடைக்காரர்கள் அவரைப் போட்டிக் கடை போடப் போகிறவர் என்றே நம்பினார்கள்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனி. சாமான், லாரி, முகவரி என்று கணினிக்குள் ஏகப்பட்ட அட்டவணைகள். அவற்றைக் கட்டிக் காப்பது நூல்காரரின் வேலை. ஒவ்வோர் அட்டவணையின் பெயரையும் துண்டுத்தாளில் எழுதிச் சுவரில் குத்துவார். எது எதை நம்பியிருக்கிறதோ, இரண்டுக்கும் இடையில் நூல் கட்டுவார். சுவர் போதாமல் நூல் அலமாரிக்குத் தாவி, அங்கிருந்து தண்ணீர் மெஷின் வரைக்கும் போய்விட்டது. தாகமெடுத்தவர்கள் குனிந்துதான் போகவேண்டும்.

"அண்ணே, இதுல துணி காயப்போட்டுக்கவா?" என்பாள் வரவேற்பு மேசை மல்லிகா.

"போடு லா. ஈரத்துணி மட்டும் வேணாம், முகவரி நனைஞ்சிடும்."

அப்போதுதான் மேனேஜர் பதவியும், அதோடு வருகிற வியாதியும் எனக்கு வந்தன. அட்டவணைகளைக் காட்டினால் தானே படம் வரைந்து தரும் ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தேன். அட்டவணைக்கு ஒரு பெட்டி, உறவுக்கு ஒரு கோடு. பொத்தானை அமுக்கினேன். கையிலிருந்த கோப்பி ஆறுவதற்குள் படம் வந்தது. முதலாளியும் வந்தார்.

"தம்பி, அது பொய் சொல்லல," என்றார் நூல்காரர். "முன்னாடி இத செஞ்சவங்க எது எதோட சேரும்னு உள்ள எழுதி வைக்கல. எழுதாதத அது எப்படி வரையும்?"

"அண்ணே, மெஷினுக்குத் தெரியாததா?" என்றேன், முதலாளி காதில் விழும்படி.

முதலாளி திரையைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். "தானா வரையுதுன்னா அப்புறம் இவர் எதுக்கு?"

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். கோப்பி குடித்தேன்.

மாதக் கடைசியில் முடிந்த அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. மிச்சமிருந்த நூலுருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சுவரிலிருந்ததைக் கத்தரித்தவன் நானே.

கோடு இல்லாததால் எதை அழித்தாலும் யாருக்கும் வலிக்காது என்ற துணிச்சல் எனக்கு. 'தற்காலிகம் 2' என்றொரு அட்டவணை. பெயரே பிடிக்கவில்லை, அழித்தேன். எல்லா வாடிக்கையாளர்களின் மாடி எண்ணும் வீட்டு எண்ணும் அதில்தான் இருந்தன.

மறுநாள் காலை டிரைவர் போன் செய்தார். "சார், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ நிக்கிறேன். பதினாறு மாடி இருக்கு. எந்த மாடி?"

"யாரையாவது கேட்டுப் பாருங்களேன்."

"யார கேக்க? பேர சொல்லிக் கத்தவா?"

கத்தினார். மூன்று பேர் எட்டிப் பார்த்தார்களாம். மூவருமே அரிசி தங்களுடையது என்றார்களாம்.

வேறு வழியில்லாமல் நூல்காரரை அழைத்தேன். "தேக்கா மார்க்கெட்டுல சாப்பிட்டுட்டு இருக்கேன், தம்பி. கை கழுவிட்டு வர்றேன்," என்றார். வந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பழைய நகலிலிருந்து அட்டவணையை மீட்டார். பிறகு சாயங்காலம்வரை உட்கார்ந்து, எது எதோடு சேரும் என்பதை ஒவ்வொன்றாக உள்ளே எழுதினார். நினைவிலிருந்தே எழுதினார், பார்த்து எழுதச் சுவரில்தான் ஒன்றுமில்லையே. முடித்ததும் என் மென்பொருளின் பொத்தானை அமுக்கினார். திரை முழுக்கக் கோடுகள் ஓடின.

"நல்ல சாமான்தான், தம்பி. சொன்னா வரையுது."

"திரும்ப வந்துடுங்கண்ணே."

"வேற இடத்துல சேந்துட்டேன் லா."

தேக்காவில் அவருக்கு ஒரு தே, அதாவது பால் டீ, வாங்கிக் கொடுத்தேன். மழையைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். அவர் பஸ் ஏறினார். அவருடைய நூல் துண்டு ஒன்று இன்னும் தண்ணீர் மெஷின் பின்னால் தொங்குகிறது. நான் இன்றும் அங்கே குனிந்துதான் போகிறேன்.

அன்று திரும்பி வந்ததும் மல்லிகா கேட்டாள். "சாரி சொன்னீங்களா, சார்?"

"சொல்லணுமா என்ன? அவருக்கே தெரியும்."

"எழுதாதத அவர் மட்டும் எப்படி சார் வரைவாரு?" என்றாள் மல்லிகா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.