பிரிக்ஸ் சார் செய்த கிரனோலா

சர்க்கரையை பிரிக்ஸ் சாரைப் போலச் சந்தேகப்பட்டவர் கச்சிராயபாளையம் தொடங்கி கல்வராயன் மலை உச்சி வரை யாரும் இருந்ததில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ சர்க்கரை ஆலை. கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் கணக்குக்கு பிரிக்ஸ் என்று பெயர். ஆய்வகத்தில் நாளெல்லாம் அதையே கத்திக்கொண்டிருந்ததால் மனிதருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அவருக்கு உதவியாளன்.

பெங்களூரிலிருந்து வந்த அவர் மகள் ஒரு பாக்கெட் கிரனோலா கொடுத்தாள். ஓட்ஸ், கடலை, விதைகளைப் பாகில் புரட்டி மொறுமொறுவென்று சுட்டது. பாலில் போட்டுச் சாப்பிட வேண்டும். உடம்புக்கு நல்லது என்று அட்டையில் போட்டிருந்தது. சார் அதைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, ஒரு சொட்டை இனிப்பு அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"அடப்பாவி! இதுக்குக் கரும்பையே கடிச்சிக்கினு கெடக்கலாமே!"

அன்றே தானே செய்ய இறங்கிவிட்டார். பாகு கிடையாது, முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து ஊற்றினார். எண்ணெய் ஒரே கரண்டி. ஓட்ஸோடு மலையிலிருந்து வரும் சாமையின் அவலும் சேர்ந்தது. முதல் முறை தட்டைவிட்டு வரவில்லை. இரண்டாம் முறை, ருசி பார்த்த டைம் ஆபீஸ் கிளார்க்கின் கடைவாய்ப்பல் ஆடியது. ஆறாவது முறைதான் லேசாக, கரகரவென்று வந்தது. சாம்பிள் பாட்டிலில் அடைத்து, 'மாதிரி எண் ஆறு' என்று சீட்டு ஒட்டினார்.

இத்தனையும் முனியன் அண்ணனுக்காக என்பது, பாட்டிலை அவரிடம் நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ஆலையில் பாகு காய்ச்சுகிறவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ சட்டைப்பையில் வெல்லக்கட்டியோடு திரிந்தார்.

"இன்னா சார் இது, கோழித் தீவனமா? முப்பது வருசமா பாகுலயே வாழ்ந்துக்கினு கீறேன். இத்தத் துன்னுதான் பொழைக்கணுமா? எனுக்கு வேணாங்க."

சார் கோபப்படவில்லை. ஊரார் தின்னும் சர்க்கரையைச் சந்தேகப்பட்டாலும், தன் டீக்கு மட்டும் மூன்று கரண்டி போட்டுக் குடிப்பவர் அவர். அன்று சர்க்கரை போடாத வெறும் டீயைக் கையில் எடுத்தார்.

"முனியா, இன்னிலேருந்து எனுக்கும் இனிப்பு கெடையாது. ரெண்டு பேரும் ஒண்ணாவே துன்னலாம்."

தினமும் காலையில் பாகு காய்ச்சும் கொட்டகை வாசலில் இரண்டு கிண்ணங்களோடு உட்கார்ந்தார். முனியன் அண்ணன் தன் பங்கைக் காக்காய்க்குப் போட்டார். சார் தன் பங்கை மென்றார். பத்து நாள் இப்படியே போயிற்று. பதினோராம் நாள், வெறும் டீயை விழுங்க முடியாமல் சார் முகம் சுளித்ததை முனியன் அண்ணன் பார்த்துவிட்டார். பையிலிருந்த வெல்லத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"எனுக்காவ சாரு ஏம்ப்பா வாயக் கட்டணும்?" என்றபடி கிண்ணத்தை இழுத்துக்கொண்டார்.

அதன்பிறகு மாத்திரையும் புண்ணுக்குக் கட்டும் ஒழுங்காயின. சுண்டுவிரல் ஒன்று போயிற்று. கால் தங்கியது.

சார் ஓய்வுபெற்று மகளிடம் புறப்பட்ட அன்று, முனியன் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தார். கையில் ஒரு டப்பா.

"நானே வறுத்தங்க. சக்கரை போடல."

சார் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். தீய்ந்த வாடை பக்கத்தில் நின்ற எனக்கே அடித்தது. எதிலும் குற்றம் கண்டுபிடிப்பவர், என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன். இன்னொரு பிடி அள்ளிக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் கிளம்பும்வரை மென்றுகொண்டே இருந்தார். கருகிய கடலையைக்கூடத் துப்பவில்லை.