மே மாதத்துப் பனி

இந்த மலையில் நான் பார்க்காத மனித ரகம் கிடையாது. ஆயிரத்தெட்டு ரகங்களை முதுகைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். சரி, ஆயிரத்தெட்டு கொஞ்சம் தாராளம்தான். பதினெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் ஆறு பேர் என் சொந்தக்காரர்கள். ஆனால் இன்றைக்கு உங்களுக்குக் காட்டப்போகிற ரகத்தில் எனக்குத் தப்பே வராது. அவர்தான் வம்சக்காரர்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரஷர் பார்க்கலாமா என்று கேட்டால் வம்சக்காரர் தன் கையை நீட்டமாட்டார், தாத்தாவின் கையை நீட்டுவார். அந்தத் தாத்தா தொண்ணூற்றாறு வயதுவரை தினம் ஒரு கட்டு பீடி பிடித்து, ஆட்டுக்கொழுப்பை உருக்கிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டு, தலையில் துணி மூட்டையோடு பழனியிலிருந்து மலையேறி வந்து, ஏறிய களைப்புத் தீர ஒரு கல்யாணமும் செய்துகொண்டவராக இருப்பார். எல்லா வம்சத்திலும் இப்படி ஒரு தாத்தா உண்டு. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அதைக் கேட்கக்கூடாது.

நாயுடுபுரத்து ஜலாலுதீன் இந்த ரகத்தில் அசல். வயது ஐம்பத்திரண்டு. பஜாரில் ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லாய் விற்கிற கடை. தாத்தா நடந்த மலையில் பேரர் டீக்கும் சிகரெட்டுக்கும் பரோட்டாவுக்கும்கூட ஸ்கூட்டரில்தான் போவார். "மலைக்காரன் நெஞ்சுங்க இது, இரும்பு" என்று வருகிற போகிறவரிடமெல்லாம் மாரைத் தட்டிக் காட்டுவார். கொஞ்ச நாளாகத் தட்டிவிட்டு லேசாகத் தடவியும் கொடுக்கிறார்.

ஏனென்றால் ஏற்றத்தில் கால் வைத்தால் யாரோ மாரை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இடது தோள் கடுக்கிறது. நின்றால் விட்டுவிடுகிறது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். வம்சக்காரர் பயப்படுவாரா? "பனி எறங்கிருச்சு" என்று கடையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் இறுக்கம் கூடியது, அதன்மேல் இன்னொன்று. மாதம் முடிவதற்குள் மூன்று ஸ்வெட்டரும் ஒரு சால்வையுமாக, வாசலில் நிறுத்தியிருக்கிற துணிப்பொம்மைக்கே பொறாமை வரும்படி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி ஃபக்ருன்னிசா, சொந்த மாமு மகள். "மச்சான், ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

"எதுக்கு? எங்க வம்சத்துல ஹார்ட்டுன்னு ஒருத்தன் படுத்ததில்ல."

"படுக்கல. நின்னமேனிக்கே போய்ச் சேந்துட்டாங்க."

"அது பனி, புள்ள."

ஃபக்ருன்னிசா சண்டை போடவில்லை. ஸ்கூட்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். டாக்டரிடம் போவதென்றால் வண்டி, கடைக்கென்றால் நடை. மூன்றாம் நாள் ஏற்றத்தின் பாதியில் மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற வம்சம், "சரி, சாவியக் குடு" என்றது.

டாக்டர் ரோகிணி ஈசிஜி எடுக்க மேல்துணியைக் கழற்றச் சொன்னார். சால்வை போயிற்று. நீலம் போயிற்று, பச்சை போயிற்று, கை வைக்காத பழுப்பும் போயிற்று. உள்ளே மனிதர் இருக்கிறாரா, இல்லை துணிதானா என்று நர்ஸுக்கே சந்தேகம். ஒருவழியாக இருந்தார். காகிதத்தைப் பார்த்த டாக்டரின் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

"குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா, பாய்?"

"ஒருத்தருக்கும் கெடையாது."

"அத்தா எப்படி இறந்தாங்க?"

"பனி அடிச்சு. அம்பத்திமூணு வயசு. துணிய மடிச்சுக்கிட்டே மாரப் புடிச்சாரு, மவுத்தாயிட்டாரு."

"அவங்ககூடப் பொறந்தவங்க?"

"பெரியத்தாவும் பனிதான், நாப்பத்தெட்டு. சச்சாவுக்கு அம்பது. பனிக்கு எங்க குடும்பத்து மேல ஒரு கண்ணுங்க."

"எந்த மாசம்னு நெனவிருக்கா?"

வியாபாரிக்கு மறக்குமா? "அத்தா நல்ல சீசன்ல. ஏரிய சுத்தி நிக்க எடமில்லாத கூட்டம், மூணு நாள் கட சாத்திட்டோம். பெரியத்தாவும் சீசன்லதான். சச்சா மலர்க் கண்காட்சி அன்னிக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சீசன்னா மே மாசம்தான? மேயில ஏது பாய் பனி?"

வெளியூர்க்காரர்கள் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் நக்குகிற மாதத்தில் மூன்று திடகாத்திரமான ஆண்கள் பனி அடித்துச் செத்திருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு போனவர்கள் வியர்வையைத் துடைத்தபடியே அதை நம்பியும் இருக்கிறார்கள். ஒருவருக்குமே காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஃபக்ருன்னிசா மெல்ல வாயைத் திறந்தார். "எங்க அத்தா, இவருக்குத் தாய்மாமன், அவங்களும் நாப்பத்தொம்பதுல போனாங்க டாக்டர். நாங்க வாயுன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

"அப்ப ரெண்டு பக்கமும்" என்றார் டாக்டர். "பாய், ஒரு ஸ்வெட்டர்ல ஒரு கண்ணி விட்டுப்போனா தெரியுமா?"

"தெரியாது. வித்துரலாம்."

"பத்து எடத்துல விட்டிருந்தா?"

"காத்து நொழையும்."

"மரபணுவும் அப்படித்தான். எல்லாருக்கும் அங்கங்க ஒண்ணு ரெண்டு மாறித்தான் இருக்கும், ஒண்ணும் ஆகாது. சில குடும்பத்துல நெறைய எடத்துல மாறியிருக்கும், ரத்தக்குழாய்ல கொழுப்பு வெரசா படியும். கண்ணி விட்டது உங்க தப்பில்ல. ஆனா அந்த ஸ்வெட்டரக் கொண்டுபோய் முள்வேலியில மாட்டி இழுக்குறீங்க பாருங்க, சிகரெட்டும் பரோட்டாவுமா, அது உங்க சோலி. எத்தன பிள்ளைங்க?"

"ஒரே மகன், பாசித். இருவத்தெட்டு. அவன் இரும்புங்க."

"அந்த இரும்புக்கும் ரத்தம் பாக்கணும்."

மதுரையில் படம் எடுத்துப் பார்த்ததில், இதயத்து ரத்தக்குழாய் மூன்றில் ஒன்று கிட்டத்தட்ட மூடிக் கிடந்தது. உள்ளே ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை வைத்துத் திறந்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தால் கதை வேறு என்று சொல்லி அனுப்பினார்கள்.

மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அட, நீங்கள் ஒன்று. வம்சக்காரர் திருந்துவதில்லை, கட்சிதான் மாறுவார். போன வாரம் கிளாவரையிலிருந்து பூண்டு விற்க வந்த ஜெயமுருகன் மனைவிக்குச் சால்வை எடுக்கக் கடைக்குள் நுழைந்தார். சால்வையை விரிப்பதற்கு முன் வம்சத்தை விரித்துவிட்டார் ஜலாலுதீன்.

"எங்களுது சாதா ஹார்ட்டு இல்ல, ஜெயமுருகா. ஜீன். காசு குடுத்தாலும் கெடைக்காது. டாக்டரம்மாவே பேனாவக் கீழ வச்சுட்டாங்க."

"எங்கள்ல அப்படி யாருமில்லீங்களே" என்றார் ஜெயமுருகன், என்னவோ பரம்பரைச் சொத்தைக் கோட்டைவிட்டவரைப் போல.

"அதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றபடி ஜலாலுதீன் கல்லாமேல் இருந்த டீக்கடைப் பொட்டலத்திலிருந்து ஒரு மிளகாய் பஜ்ஜியை எடுத்தார். "ஜீன்ல பின்னி வச்சத இந்த பஜ்ஜியா மாத்தப்போகுது?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தொண்ணூறு வயது வாழ்ந்த ஒருவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, மீசை நரைக்காமல் போனவர்கள் எத்தனை பேர்? வாயு என்றீர்கள், திருஷ்டி என்றீர்கள், வெயில் கொன்றது என்றீர்கள். வெயில் எந்த மாதத்தில் கொன்றது? கை ஏன் மாருக்குப் போகிறது, நான் இன்னும் எதுவும் சொல்லவில்லையே.

ஜலாலுதீன் அதற்குள் உச்சத்துக்குப் போயிருந்தார். "அத்தா தலமொற ஒண்ணு, என் தலமொற ஒண்ணு. தொடர்ந்து ரெண்டு தலமொறையா ஹார்ட்டுய்யா எங்களுக்கு."

ஃபக்ருன்னிசா ஒரு காகிதத்தோடு வந்து, அவர் கையிலிருந்த பஜ்ஜியை வாங்கி ஜெயமுருகனிடம் கொடுத்தார்.

"ரெண்டு இல்ல மச்சான், மூணு. பாசித்தோட ரிப்போர்ட் வந்துருச்சு, கொழுப்பு உங்களவிடக் கூடக் கெடக்கு. நாளைக்கு வெள்ளனே நீங்க ஏரிய சுத்தி நடக்கணும், அப்பத்தான் அவனும் நடப்பான்."