மிச்சம் பாயும் ஒரு பெட்டி டைல்ஸும்

தருமபுரி மாவட்டத்தில் எந்த வீட்டில் எத்தனை டைல்ஸ் மீந்தது என்பது ஆண்டவனுக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே ஆள் மிச்சம் பாய்தான். சொந்தப் பேர் என்னவோ, சத்தியமாகத் தெரியாது. டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். மீந்ததை யாரும் ஏரியில் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வெறி.

கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் எல்லோரும் சாமி ரூமைப் பார்ப்பார்கள். இவர் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். "வூடு ஷோக்கா இருக்குதுங்க. மிச்சம் எங்க?" அரை மூட்டை டைல்ஸ் பசை கிடந்தால்கூட வாயைக் கட்டி மொபெட்டில் ஏற்றிவிட்டுத்தான் பந்திக்கு வருவார்.

நல்லம்பள்ளியில் ஒரு பங்களாவில் மீந்த நீல டைல்ஸை மசூதியில் பாதி, மாரியம்மன் கோயிலில் பாதி என்று ஒட்டிவிட்டார். பங்களாக்காரர் பதறிப்போனார்.

"என்ன பாய், என் பாத்ரூம் டைல்ஸைக் கோயில்ல ஒட்டிட்டீங்க?"

"பாத்ரூமுக்குப் போனது உங்க வூட்ல இருக்குதுங்க. இது போவாதது. ரெண்டு எடத்துலயும் கால் கழுவத்தான் ஒட்டியிருக்கேன்."



அப்பேர்ப்பட்ட மனுஷனிடம்தான் நான் பொய் சொன்னேன்.

என் புது வீட்டில் கார் நிறுத்தும் இடத்துக்கு ஒட்டிய சொரசொரப்பு டைல்ஸில் ஒரு பெட்டி மீந்தது. மறுநாள் கிரகப்பிரவேசம். "இதை என்னங்க பண்றது?" என்றார் மேஸ்திரி. "ஏரியில தள்ளிடுங்க" என்றேன். பெட்டியை ஏற்றிப்போன டிராக்டர் திரும்பி வருவதற்குள் பாய் வந்து நின்றார்.

"மிச்சம் எங்கங்க?"

"மிச்சமே இல்லை பாய். அளவாத்தான் வாங்கினோம்."

"அளவா வாங்குன வூட்டை இந்த ஜில்லாவுல இன்னும் எவனும் கட்டலைங்களே" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. எங்கள் ஊர் அங்கன்வாடியில் தரை பேர்ந்து கிடந்தது. திங்கட்கிழமை ஆபீசர் வருகிறார், தரை சரியில்லை என்றால் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். இருபது பிள்ளைகள் ஹைவேயைத் தாண்டிப் போகணும்.

"எல்லா வூட்டு மிச்சத்தையும் போட்டு ஒட்டிட்டேங்க. அஞ்சே அஞ்சு குறையுது. வழவழப்பு ஆவாது, பசங்க வழுக்கி வுழும். கடையில அந்த சைஸு வர பத்து நாளாவுமாம்." என் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் கிளம்பியதும் சாக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். மொபெட் எனக்கு முன்னால் போய் நின்றிருந்தது. முழங்கால் தண்ணீரில் பாய் சில்லு சில்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட முழுசாக இல்லை. நான் வேலமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அப்படியே நழுவி வந்துவிட்டேன். வெட்கக்கேடு.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார். தரை மூலைக்கு மூலை முடிந்திருந்தது. அடேயப்பா, என்ன கலர், என்ன கலர். "இது எங்க வூட்டு டைல்ஸு, எந்திரிடா" என்று பிள்ளைகள் ஒரே சண்டை. அங்கன்வாடி தப்பித்தது. அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு மூஞ்சி ஏது?

பக்ரீத்துக்குப் பாய் வீட்டில் பிரியாணி. வராண்டாவில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தரை முழுக்கச் சொரசொரப்பு டைல்ஸ், ஓரத்தில் மட்டும் ஐந்து கட்டம் வெறும் சிமெண்ட். ஒட்டியதை உடையாமல் பேர்த்தெடுப்பது லேசான வேலை இல்லை.

"பாய், அன்னிக்கு என் வூட்டு டைல்ஸு..." என்று இழுத்தேன்.

"தெரியுங்க. மரத்துக்குப் பின்னாடி தொப்பை தெரிஞ்சுது." தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணியை வைத்தார். "இங்க ஒக்காருறது நானும் வூட்டுக்காரம்மாவுந்தான். அங்க இருபது பேருங்க."

"நான் அஞ்சு வாங்கித் தந்துடறேன் பாய்."

"புதுசு வேணாங்க. எங்கயாச்சும் மீந்தா பாக்கலாம். சாப்புடுங்க, ஆறிடும்."

ஜமுக்காளத்தை விட்டு நகர்ந்து, அந்தச் சிமெண்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். இப்போதும் அவர் வீட்டுக்கு எப்போது போனாலும் அதுதான் என் இடம்.